பா முப்பத்தொன்று

எனக்குப் பழைய கார்களைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரத்தான் வண்டி. பாதி வழியில் இறங்கி அதற்கு விசிறிவிடுவதற்கு அல்ல. நான் மூக்குக்கண்ணாடி விற்கிறவன். என் கடையில் வாங்கிய கண்ணாடி தெருமுனை வரைக்கும்தான் தெரியும், அப்புறம் கொஞ்சம் ஆற வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் யாராவது என்னைச் சும்மா விடுவார்களா? பழைய கார்க்காரர்கள் விடுவார்கள். கூடவே வண்டியின் புகைப்படத்தையும் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்படிப்பட்ட நான் இதை எழுத உட்கார்ந்தது என் அண்ணிக்காக. அண்ணி பழைய கார்களுக்குக் கண்டென்சர் செய்கிறார். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தகர உருளை, அதன் தலையில் ஒரு ஒயர், அவ்வளவுதான் பொருள். பழைய இன்ஜினில் இரண்டு உலோக முனைகள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரியும் ஒவ்வொரு தடவையும் மின்சாரம் அங்கேயே பொறியாகத் தெறித்து அந்த முனைகளைத் தின்னப் பார்க்கும். அதை அந்தக் கணத்தில் விழுங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது விழுங்கினால்தான் பொறி விழ வேண்டிய இடத்தில் பலமாக விழும், வண்டி ஓடும்.

"வீட்டுல சண்ட வந்தா ஒருத்தர் வாய மூடிக்கிறாங்க இல்ல, அந்த மாதிரி தம்பி" என்று அண்ணி எனக்கு விளக்கினார்.

"உங்க வீட்டுல அது யாரு அண்ணி?"

"யாரும் இல்ல. அதான் இப்படிப் புகையுது."

அண்ணி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மின்விசிறிக்குக் கண்டென்சர் சுற்றும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். மொத்தம் பதினான்கு வருஷம், எல்லாமே சோதனை மேஜையில். அங்கே அவருக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. காரணம் எளிது. மற்ற மேஜைகளில் நூற்றுக்கு இரண்டு கழிந்தால் அண்ணியின் மேஜையில் பத்து கழியும். 'அந்த அம்மா கையில போனா திரும்பி வந்துடும்' என்று சூப்பர்வைசர் சரக்கையே வேறு மேஜைக்குத் திருப்பிவிடுவாராம். தொழிற்சாலையை மூடியபோது எல்லாருக்கும் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அண்ணி அதையும் பத்து நாள் வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாளைக்கு மூன்று நிமிஷம் பின்தங்குகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அண்ணன் பழைய கார் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் அவருடைய ஷெட். அவருக்கென்று ஒரு சொந்தக் கார் உண்டு, வெளிர்பச்சை நிறம், அவரைவிட வயதில் மூத்தது. கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்னால் வாங்கியதால் அண்ணி அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்தார். "மூத்தாளுக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா? இனிமே இளையாளுக்குக் காப்பி குடிக்க நேரம் இருக்குமா?" என்று ஷெட் வாசலில் நின்று கேட்பார். அண்ணன் காது கேட்காதவர் மாதிரி துடைத்துக்கொண்டே இருப்பார்.

சண்டை வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஒரு டாக்டரின் கார் இருபத்தைந்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். அண்ணன் நான்கு தடவை கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். டாக்டரின் ராசியைக்கூடக் குறை சொன்னார். ஐந்தாம் நாள் சாப்பாடு கொண்டுபோன அண்ணி, "கண்டென்சரச் சூடு பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"அது புதுசு. கம்பெனிச் சரக்கு. மீட்டர்ல நல்லாக் காட்டுது."

"ஆறின கண்டென்சரு யார்கிட்ட வேணாலும் நல்லாத்தான் நடந்துக்கும். சூடேறாம குணம் தெரியாதுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. அதைக் கழற்றச் சொல்லி, வெந்நீர் இருந்த பாத்திரத்தில் ஒயர் நனையாமல் தொங்கவிட்டு மீட்டரை வைத்தார். முள் அப்படியே சரிந்தது. ஷெட்டில் அப்போது டாக்டர், பெயின்டர், பக்கத்து டிங்கர் கடைக்காரர் என்று நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நானும் இருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, கரண்டி புடிச்ச கை ஸ்பேனரையும் புடிச்சிருச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மூக்கறுபட்ட ஆம்பிளைக்கு வார்த்தை நிதானம் இருக்காது. அண்ணி அந்த வாரமே தன் கையால் ஒரு கண்டென்சர் செய்து டாக்டர் காருக்குக் கொடுக்க, அது ஓடு ஓடென்று ஓட, அண்ணன் சொன்னார்: "ஊருக்கெல்லாம் குடு. அடுப்படியில செஞ்ச கண்டென்சர என் வண்டியில மட்டும் மாட்ட மாட்டேன்."

அண்ணி திரும்பிப் பார்த்தார். "நீங்களா வாயத் திறந்து ஒண்ணு குடுன்னு கேக்குற வரைக்கும் நானும் குடுக்க மாட்டேன்."

மற்றபடி இருவரும் ஒற்றுமையான தம்பதிதான். ஒருவர் தட்டில் இருப்பதை மற்றவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்தப் பேச்சு மட்டும் பதினோரு வருஷம் அப்படியே நின்றது. ஷெட்டுக்கு வரும் வண்டிகளுக்கு அண்ணனே அண்ணியின் கண்டென்சரை மாட்டுவார், வண்டிக்காரர்கள் கேட்டு வாங்குவதால். மூத்தாளுக்கு மட்டும் கடையில் வாங்கியது.

அண்ணி வேலை செய்வது அடுப்படியில்தான், அது பொய் இல்லை. ஜன்னலோரம் நீளமான மேஜை. செத்துப்போன கண்டென்சர்களின் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பழைய மெழுகுக் காகிதச் சுருளை எடுத்துப் போட்டுவிட்டு, கழுவிக் காயவைப்பார். உள்ளே புது ரகப் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றிய சின்னக் கண்டென்சரை வைத்துப் பற்றவைப்பார். மேலே ரெசின் ஊற்றி மூடுவார். ரெசின் என்பது இரண்டு திரவம். இதில் இரண்டு பங்குக்கு அதில் ஒரு பங்கு கலந்தால் மறுநாள் கல்லாக இறுகிவிடும். ஒரு தடவைக்கு நாற்பத்தெட்டு செய்வார். அதற்கு, இட்லிக்குச் சொல்வதுபோல், 'ஈடு' என்று பெயர். அடுப்படி என்று கேலி செய்தவர்களுக்கு அடுப்படி வார்த்தையிலேயே பதில்.

அப்புறம் சோதனை. மின்சார அடுப்பில் இரும்புச் சட்டி, சட்டி நிறைய மணல், மணலில் ஒரு வெப்பமானி. கண்டென்சர்களைக் கழுத்து வரை புதைத்து நூறு டிகிரியில் நான்கு மணி நேரம் வைப்பார். சூட்டோடு சூடாக ஐந்நூறு வோல்ட் கொடுத்து முள்ளைப் பார்ப்பார். முள் மயிரிழை அசைந்தாலும் அது பால்மாவு டின்னுக்குப் போகும், அதாவது குப்பைக்கு. தேறியவற்றை ஆறவைத்து மறுபடி மின்சாரம் ஏற்றி ஒரு பலகையில் வரிசையாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார். ஒரு மணி நேரம் கழித்து ஸ்க்ரூடிரைவரால் ஒயரையும் உறையையும் சேர்த்துத் தொடுவார். 'டப்' என்று பொறி தெறித்தால் அது நல்ல கண்டென்சர், வாங்கியதைக் கசியவிடாமல் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டில் இதற்கு 'உயிர்' என்று பெயர். மின்சாரம் ஏறியது உயிரோடு இருக்கிறது. பொறிவிட்டு இறக்கியது உயிர் இல்லாதது. பலகையில் இருப்பதைத் தொடுவதற்கு முன்னால் "உயிர் இருக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும். முதல் தடவை எனக்குத் தெரியாது. ஏதோ அழகாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்தேன். முழங்கை வரை சுருக்கென்று ஏறி, கையிலிருந்த காப்பி என் மேலேயே ஊற்றிக்கொண்டது. ஆள் சாகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. மானம் போகிற அளவுக்கு உண்டு.

தேறிய ஒவ்வொன்றின் உறையிலும் அண்ணி ஊசிமுனையால் ஒரு எழுத்தும் எண்ணும் கீறுவார். முதல் ஈடு க, அடுத்தது கா, அப்புறம் கி, கீ. உயிர்மெய் வரிசை முழுக்க அப்படியே. 'ங' வரிசை வந்த வருஷம் ஊரிலிருக்கும் மெக்கானிக்குகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "அக்கா, இந்த ஙூ இருபது கொஞ்சம்..." என்று போனில் ஒருத்தர் முக்கியதை நானே கேட்டேன். எந்த எண் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பார். ஒவ்வொரு ஈட்டிலும் கடைசி ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் ஜன்னல் விளிம்பில் கண்ணாடி பாட்டிலில் போட்டுவைப்பார். அதற்குப் பெயர் சாட்சி. ஊரெல்லாம் போனவை எப்படி இருக்கின்றன என்று வீட்டில் இருக்கும் சாட்சியைப் பார்த்தால் தெரியும் என்பது கணக்கு.

"என் கண்டென்சரால வழியில யாரும் நிக்க மாட்டாங்க." அண்ணி யாருக்கும் கொடுக்கும் வாக்கு இந்த ஒன்றுதான். அதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. பால் கணக்குச் சொல்வதுபோல் சொல்வார்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் ரெசின் கலந்துகொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. ஒரே மகள். வெளியூரில் கல்யாணமாகிப் போய் ஆறு வருஷமாகியும் வீட்டில் இன்னும் அவளுக்குப் பெயர் பாப்பா. "அம்மா, ரெண்டு மாசம்" என்றாள். அண்ணி அழுதார், சிரித்தார், ஷெட்டுக்கு ஓடினார், எனக்குப் போன் செய்தார், திரும்பி வந்து மீதி வேலையை முடித்தார். அந்த ஈட்டுக்கு வரிசைப்படி வந்த எழுத்து பா. பாப்பாவுக்குப் பா என்று அதிலும் ஒரு சந்தோஷம். நாற்பத்தெட்டும் சோதனையில் தேறின. ஒன்றுகூடக் கழியவில்லை.

"அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும் தம்பி" என்று அண்ணி என்னிடம் சொன்னது ஒன்பதரை மாதம் கழித்து. கடைக்கு வந்தவர் என் முன்னால் கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்து, பா ஈட்டின் சாட்சியை எடுத்து, ரெசின் மேல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது. வருஷக் கணக்கான மற்ற சாட்சிகளெல்லாம் கல்லாக இருக்க, இது மட்டும் வெயிலில் இளகியிருந்தது.

"ரெண்டுக்கு ஒண்ணு ஊத்த வேண்டியதுல ரெண்டுக்கு அரைதான் ஊத்தியிருக்கேன். போன் வந்த குஷியில. அன்னிக்கு இறுகின மாதிரிதான் இருந்துச்சு. ஓட ஓட, சூடு ஏற ஏற, உள்ள ஒயர் ஆடும். ஆடி ஆடி விட்டுப்போகும்."

"விடுங்க அண்ணி, யானைக்கும் அடி சறுக்கும்."

"யானை சறுக்கினா அடி யானைக்குத்தான். இது சறுக்கினா எவனோ ஒருத்தன் குடும்பத்தோட நடுரோட்டுல நிப்பான்."

நாற்பத்தேழு பேரையும் கூப்பிட்டுத் திரும்ப வாங்கி வேறு கொடுப்பது என்று முடிவானது. ஒரு நிபந்தனை: அண்ணனுக்குத் தெரியக் கூடாது. "தெரிஞ்சா இன்னும் பதினோரு வருஷம் பேசுவார்." அதனால் போன் பேசியதெல்லாம் என் கடையின் பின்னறையில். பார்சல்கள் வந்ததெல்லாம் என் வீட்டுக்கு. இது என்ன கண்ணாடிக்கடைக்காரர் வீடா, கார்க்கடையா என்று என் வீட்டுக்காரி முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு பார்சலையும் பிரித்து எண்ணைப் படித்துச் சொன்னதும் அவள்தான்.

அண்ணி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். 'ஒருவேளை', 'சிறு வாய்ப்பு' என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. "நான் கலந்தது தப்பு" என்றார். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், "நல்லா ஓடுதும்மா, நான் தர மாட்டேன்" என்று அடம்பிடித்தார். "நல்லா ஓடும்போதே குடுத்துடுங்க ஐயா. நின்ன பிறகு குடுக்குறதுக்கு நான் எதுக்கு?" என்று கெஞ்சி வாங்கினார். மூன்று வாரத்தில் நாற்பத்தைந்து வந்துவிட்டன. நாற்பத்தாறாவது தபாலில் இருந்தது. ஆனால் நோட்டில் பெயர்களே நாற்பத்தாறுதான். முப்பத்தொன்றுக்கு நேரே இடம் காலியாக இருந்தது.

பதினோரு வருஷத்தில் ஒரு வரியைக்கூடக் காலியாக விடாதவர் அண்ணி. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். யாருக்கோ கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கிறோம் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனார். "கேக்கக்கூட எனக்கு ஆள் தெரியலையே தம்பி. பேரு தெரியாத ஒருத்தர் என் கண்டென்சர நம்பி ரோட்டுல போயிட்டு இருக்கார்." போன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய் நோட்டைப் பார்த்துவிட்டு வருவார். தொழில்நுட்பம் எனக்குப் புரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையில் அடிக்காத குறையாக மறுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பாப்பா மூன்று மாதக் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தது. ரயிலில் வரட்டும் என்றோம் எல்லாரும். "என் பேத்தி முதல் தடவையா வர்றா. மூத்தாள்லதான் வருவா" என்று அண்ணன் முதல் நாளே கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நாற்பத்தாறாவது பார்சலை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். பலகையில் பன்னிரண்டு புதுக் கண்டென்சர்கள் உயிரேற்றி வரிசையாக இருந்தன. போன் அடித்தது. அண்ணி பாய்ந்து எடுத்தார்.

பாப்பாதான். "அம்மா, வண்டி நின்னுடுச்சும்மா. மூணாவது தடவ. இருபத்தஞ்சு நிமிஷம் ஓடுது, நின்னுடுது. ஆறினா கிளம்புது. அப்பா கார்ப்பரேட்டரக் கழட்டி ஊதிக்கிட்டு இருக்கார்."

"குழந்தை?"

"நல்லாத் தூங்குறா. கிட்ட வந்துட்டோம், ஒரு மணி நேரம்தான் இருக்கும். ஆனா அப்பா முகத்தப் பாக்க முடியல."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அண்ணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கடைச் சரக்கு! பதினோரு வருஷமாச் சொல்றேன்!" என்றார். பலகையிலிருந்து ஒன்றை விளிம்பைப் பிடித்து எடுத்தார். வைக்க டப்பா எதுவும் அகப்படாமல் என் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டைப் பிடுங்கி, என் படிக்கிற கண்ணாடியை மேஜையில் போட்டுவிட்டு, அதற்குள் கண்டென்சரை வைத்து மூடினார். "வண்டிய எடுங்க தம்பி."

வழியெல்லாம் ஒத்திகை. "இன்னிக்கு அவர் வாயத் திறந்து கேக்கணும். கேக்காம குடுக்க மாட்டேன். நீங்கதான் சாட்சி." கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த முப்பத்தொண்ணும் இப்படித்தான் எங்கேயாவது நிக்கும். அவங்க வண்டிலயும் குழந்தை இருக்குமோ என்னவோ" என்றார். வேகத்தைக் கூட்டினேன்.

பூட்டிக்கிடந்த பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், பெரிய மர நிழலில், மூத்தாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தரையில் விரித்த துணியில் கார்ப்பரேட்டர் துண்டு துண்டாக, பெட்ரோல் பம்பு, காயில், பிளக்குகள் நான்கு. நடுவில் அண்ணன், முழங்கை வரை கறுப்பாக. பாப்பா பின்சீட்டில் கதவுகளைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி நேராகப் போய்க் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்ஜின் பக்கம் வந்தார்.

"கண்டென்சரப் பாத்தீங்களா?"

"அதுல ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன்.

"பாத்தீங்களா, இல்லையா?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"பாக்காமலே எப்படித் தெரியும்?"

அண்ணன் அண்ணிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வந்து நின்றார். "நீ போய்ப் புள்ளயப் பாரு. நான்தான் பாத்துட்டு இருக்கேன்ல." குரலில் கோபம் இல்லை. ஒரு பதற்றம் இருந்தது. அண்ணன் பதறி நான் பார்த்ததில்லை.

அண்ணி அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கிளிப்புகளைத் தட்டிவிட்டு, கண்டென்சருக்கு மேலிருந்த மூடியைத் தூக்கினார். குனிந்தார். குனிந்தபடியே நின்றார்.

"தம்பி, இங்க வாங்க. என் கண்ணு சரியாத் தெரியுதான்னு பாருங்க."

என் கண்ணாடி அவர் மேஜையில் இருந்தது. அவருடையதையே வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்தேன். தகர உறையில் ஊசிமுனைக் கீறல் பளிச்சென்று தெரிந்தது. பா 31.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சும்மாவா சொன்னார்கள்! நாங்கள் மூன்று வாரமாக ஊர் ஊராகப் போன் செய்து தேடியது அடுப்படியிலிருந்து இருபது அடி தூரத்தில், ஷெட்டுக்குள் நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"எப்ப எடுத்தீங்க?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் கைத்துணியால் ஏற்கெனவே துடைத்த விரல்களை மறுபடி துடைத்தார். "பாப்பா ஆறாம் மாசத்துல இங்க வந்திருந்தப்ப கொண்டு விடப் போனேன்ல. அன்னிக்குக் காலைல."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வயித்துப் புள்ளக்காரிய ஏத்திக்கிட்டு அஞ்சு மணி நேரம் போகணும். கடைல வாங்கின அத நம்பியா போகச் சொல்ற?"

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு ரெசினையும் போனையும் நாற்பத்தாறு மன்னிப்பையும் நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அண்ணன் என்னை ஒரு தடவை முறைத்தார். அதற்கு நான் தகுதியானவன்தான்.

"மூணு வாரமாத் தேடுறேன். நோட்டுல எழுத மறந்துட்டோமேன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன்" என்றார் அண்ணி. அப்புறம் தரையில் கிடந்த சாமான்களைப் பார்த்தார். "காலைலேருந்து பம்பு, காயிலு, பிளக்கு, ஒண்ணு விடாமக் கழட்டியிருக்கீங்க. முப்பது வருஷ மெக்கானிக்கு. இருபத்தஞ்சு நிமிஷத்துல நின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? இத ஏன் தொடல?"

"அது உன்னோடதாச்சே" என்றார் அண்ணன். "அதுல எப்படித் தப்பு வரும்?"

இதை அவர் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோல, கொஞ்சம் எரிச்சலோடுகூடச் சொன்னார். அண்ணி முந்தானையை இடுப்பிலிருந்து உருவி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. போட்டிருந்தது அடுத்தவர் கண்ணாடி, அதனால்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது பொய். பதினோரு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவருக்கு, அவர் வாழ்நாளில் செய்த ஒரே கெட்ட ஈட்டின் முன்னால் நிற்கும்போதா அது வர வேண்டும்?

"திருட்டுத்தனமா எடுத்து, அதுலயும் போயும் போயும் இத எடுத்திருக்கீங்க" என்றார் அழுகையோடு. "கேட்டிருந்தா நல்லதாப் பாத்துக் குடுத்திருப்பேனே."

உள்ளேயிருந்து பாப்பா, "என்னம்மா, சண்டையா?" என்றாள்.

"இல்லடி. நீ புள்ளயப் பாரு."

அண்ணன் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கையை நீட்டினார்.

"இப்பக் கேக்குறேன். ஒண்ணு குடு."

அண்ணி கண்ணாடிக் கூட்டை நீட்டினார். அண்ணன் திறந்தார். பார்த்தார். ஒரு கையால் உறையைப் பிடித்து மறுகையால் ஒயரை நீவினார். அடுத்த கணம் "ஆ!" என்று ஒரு முழம் துள்ளி, கூடு ஒரு பக்கம், கண்டென்சர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

"உயிர் இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே" என்றார் அண்ணி. முகம் முழுக்கக் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணி மூத்தாளின் முன்சீட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். நான் என் வண்டியில் தனியாகப் பின்னால் வந்தேன். எனக்குப் பழைய கார்களைப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, இருந்தும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இருபது நிமிஷம். இருபத்தைந்து. நாற்பது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் என் கண்ணாடியை வாங்கப் போனபோது மேஜையில் நோட்டு திறந்திருந்தது. காலியாக இருந்த வரியில் அண்ணி எழுதியிருந்தார்: 'பா 31. வீட்டுக்காரர். கேட்காமல் எடுத்தது. திரும்பி வந்தது.' அதற்கு எதிரில் இன்னொரு வரி, அன்றைய தேதியோடு: 'பூ 7. வீட்டுக்காரர். கேட்டு வாங்கியது.'